குடும்ப நலம்: வெயில் ஒவ்வாதார்க்கு வைட்டமின் 'டி'

சென்ற கார்த்திகை இதழில், 'மொட்டைமாடி வைத்தியம்' என்னும் தலைப்பில் இப்பகுதியில் நாம் எழுதியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தில்லிக் குளிரில் நடுப்பகல் வெயில் நல்மருந்து. அண்டை வீட்டார் ஆரஞ்சுப் பழத்தையும் வேர்க்கடலையையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவதைப் போல நம்மவரும் ஏறவேண்டும். தெற்கே வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடிய பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் எழுதினோம். அக்கட்டுரையைப் பாராட்டிக் கடிதங்கள் சில வந்தன. பாராட்டாத கடிதம் ஒன்றும் வந்தது. அந்த ஒன்றுக்கு விடையாகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அமைத்திருக்கிறோம். ஏனெனில், அதில் கூறப்பட்டுள்ள குற்றத்தில் ஒரு பங்கு நம்முடையது.

யமுனைக்கு அக்கரையில் மகன் வீட்டில் வாழும் பெரியவர் ஒருவர் அக்கடிதத்தை எழுதியிருக்கிறார். அவருடைய மருமகளுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் கன்னங்களில் செந்தடிப்பும், விரல் மூட்டுகளில் வலியும், ஓயாத களைப்பும் தோன்றின. பல பரிசோதனைகளுக்குப் பின் அது 'லூபஸ்' என்னும் நோய் என டாக்டர்கள் கண்டறிந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், வெயிலில் நிற்கலாகாது என்றும் சொன்னார்கள். அந்த அம்மையார் அவ்வாறே நடந்து, வேலைக்கும் சென்று, நன்றாகவே இருந்து வந்தார்.

பெரியவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வெயிலே கூடாது என்று ஒரு வைத்தியம் உண்டா என்று எண்ணிக்கொண்டிருந்தார். அச்சமயத்தில் நம் கட்டுரை அவர் கையில் கிடைத்தது. அத்துடன், அவருடைய தந்தையார் வைத்திருந்த ஆங்கில மருத்துவ நூல் ஒன்றையும் எடுத்துப் புரட்டினார். 1940களின் இறுதியில் அச்சான நூல் அது. அதில் 'லூபஸ்' என்ற தலைப்பின் கீழ், ஒளிச் சிகிச்சையால் இந்நோய் குணமாகும் என்றும், வைட்டமின் 'டி'யைப் பெரும் அளவில் கொடுத்தாலும் குணமாகும் என்றும் தெளிவாக எழுதியிருந்ததாம். பழைய நூலும் புதிய பத்திரிகையும் ஒன்றையே சொல்லும்போது ஐயத்திற்கு இடம் ஏது? 'மாடிக்குப் போய் உட்கார், அம்மா' என்றார். மருமகளும் மாமனார் சொல்லைத் தட்டவில்லை. விடுமுறை நாட்களில் பத்து நாள் நடுப்பகலில் மாடியில் உட்கார்ந்தார்.

பதினோராம் நாள் கன்னத்தில் மீண்டும் தடிப்பு; அதன்பின் காய்ச்சல்; விரல்கள் வீங்கி மடக்க முடியாத நிலை. சிறுநீரில் நுரை கண்டது. பரிசோதித்ததில் புரதம் கழிவது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, 'ஸ்டீராய்டு' மருந்தின் அளவைக் கூட்டி, மூன்று வாரத்தில் நிலைமையை அடக்கினார்கள். 'வெயிலில் உட்காரச் சொன்னது யார்?' என்று டாக்டர் கேட்டபோது, 'குளிர் தாங்காமல் நானே உட்கார்ந்தேன்' என்று அந்த அம்மையார் பதில் சொன்னாராம். அதை அருகில் நின்று கேட்ட பெரியவர் நமக்கு எழுதுகிறார்: 'என்னையும் காட்டிக் கொடுக்கவில்லை, உங்கள் பத்திரிகையையும் காட்டிக் கொடுக்கவில்லை. பொங்கலன்று எல்லோரும் மாடியில் சூரியனுக்குப் படைக்க, அவள் மட்டும் கதவுக்கு உள்ளே நின்று கும்பிட்டாள். இப்போது அவள் இரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று 60,000 யூனிட் மருந்து எழுதியிருக்கிறார்கள். புத்தகம் சொல்வது போல அதிகமாகக் கொடுத்தால் நோய் தீருமா? அல்லது இதிலும் ஏமாற்றம்தானா? இம்முறையாவது முழுதும் எழுதுங்கள்.'

முழுதும் எழுதுகிறோம். முதற்கண் நம் பிழையை ஒப்புக்கொள்கிறோம். 'வெயில் ஒவ்வாத நோயுடையார் இதைப் பின்பற்றலாகாது' என்ற ஒரு வரியை அக்கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அந்த அம்மையாரிடமும், அவரைப் போன்ற பிறரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.

பெயர் ஒன்று, நோய் இரண்டு

பெரியவரின் நூல் பொய் சொல்லவில்லை. அது வேறொரு நோயைப் பற்றிப் பேசுகிறது.

'லூபஸ்' என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். ஓநாய் கடித்தாற்போல் முகத்துச் சதையை அரிக்கும் புண்களுக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெயரை இட்டார்கள். பிற்காலத்தில் அப்பெயரின் கீழ் இரு வேறு நோய்கள் இருப்பது தெரியவந்தது. ஒன்று 'லூபஸ் வல்காரிஸ்', இது தோலில் உண்டாகும் காசநோய், கிருமியால் வருவது. மற்றொன்று 'லூபஸ் எரிதிமடோசஸ்'; இதற்குக் கிருமி காரணமன்று. இன்று டாக்டர்கள் வெறுமனே லூபஸ் என்று சொன்னால் இரண்டாவதையே குறிக்கிறார்கள்.

தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை செய்து புகழ்பெற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென். விளக்கின் ஒளியைக் குவித்து நோயுற்ற தோலின்மீது பாய்ச்சி அவர் பலரைக் குணப்படுத்தினார். 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். பின்னர் 1940களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அதே தோல் காசநோய்க்கு வைட்டமின் 'டி'யை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் கண்டார்கள். அதனால் விளைந்த தீங்குகளையும் கண்டார்கள். காசநோய்க்கு நேரான மருந்துகள் வந்தபின் அம்முறை வழக்கொழிந்தது. பெரியவரின் நூல் அவ்விரு முறைகளும் வழங்கிய காலத்தது.

ஆகவே, ஒரு லூபஸுக்கு மருந்தாக இருந்த ஒளி மற்றொரு லூபஸுக்கு நஞ்சாகிறது. பெயரை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வதன் ஆபத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

லூபஸுக்கும் வெயிலுக்கும் என்ன பகை?

நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. லூபஸ் நோயில் அப்படை, தன் சொந்த உடலையே பகையெனக் கருதித் தாக்குகிறது. உயிரணுக்களின் உட்கருவில் உள்ள பொருள்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் உண்டாகி, தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், நுரையீரல் உறை, மூளை என எவ்வுறுப்பையும் தாக்கக்கூடும். நோயுற்றவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மகப்பேற்றுக்குரிய வயதினர்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. அவற்றுள் மறைந்திருக்கும் உட்கருப் பொருள்கள் வெளிப்படுகின்றன. நலமான உடல் அவற்றைச் சத்தமின்றி அப்புறப்படுத்திவிடும். லூபஸ் உடலிலோ, அவற்றைக் கண்டதும் காவற்படை கிளர்ந்தெழுகிறது. அக்கிளர்ச்சி தோலோடு நிற்பதில்லை. மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் பரவக்கூடும். அந்த அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே. லூபஸ் உள்ள எல்லோருக்கும் வெயில் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. ஆயினும் யாருக்கு எந்நாள் தீங்கு செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவேதான் எல்லோருக்கும் தடை.

நல்ல வெயில், கெட்ட வெயில் என உண்டா?

'காலை இளவெயிலில் சற்று நேரம் இருந்தால் என்ன? வைட்டமினும் கிடைக்கும், நோயும் வராது' என்று சொல்பவர் நம்மிடையே பலர் உளர். இவ்விடத்தில் தெளிவு வேண்டும்.

தோலில் கொழுப்பினத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் 'பி' என்னும் பிரிவு அதன்மேல் படும்போது அது வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. பின்னர்க் கல்லீரலிலும் அடுத்துச் சிறுநீரகத்திலும் சென்று மாறி வேலைக்குத் தகுதி பெறுகிறது. அந்தப் 'பி' கதிர்கள் சூரியன் உயர்ந்து நிற்கும்போதே தரைக்குப் போதிய அளவில் வந்து சேரும். நம் நிழல் நம்மைவிட நீண்டிருக்கும் காலை மாலை வேளைகளில் அவை மிகக் குறைவு. அவ்விளவெயிலால் உண்டாகும் வைட்டமினும் சொற்பம். நடுப்பகல் வெயிலில் வைட்டமின் உண்டாகும். ஆனால் அதை உண்டாக்கும் அதே கதிர்கள்தாம் லூபஸையும் கிளறிவிடுகின்றன. நன்மையை எடுத்துக்கொண்டு தீமையைத் தள்ளிவிட இங்கே வழியில்லை.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின் உட்காருவது இன்னும் மோசமான வாணிகம். சாதாரணக் கண்ணாடி 'பி' கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' கதிர்களை உள்ளே விட்டுவிடும். வைட்டமின் உண்டாகாது, தோலுக்கு ஊறு மட்டும் நேரலாம்.

நோயில்லாதவர்க்கே நம் தலைநகரில் வெயிலால் கிடைக்கும் வைட்டமின் போதவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சென்னையை நோக்கத் தில்லி வெகு வடக்கே இருப்பதால் குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே செல்கிறது. காற்றில் மண்டிய புகையும் தூசும் கதிர்களை மறிக்கின்றன. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, தில்லியில் புகை மிகுந்த ஒரு பகுதியின் குழந்தைகளையும், புகை குறைந்த மற்றொரு பகுதியின் குழந்தைகளையும் ஒப்பிட்டது. முன்னவரின் இரத்தத்தில் வைட்டமின் 'டி'யின் சராசரி அளவு, பின்னவரின் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தது. மேலும், நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கறுத்தவரும் அதே அளவு வைட்டமினைப் பெற வெள்ளையரைவிட நெடுநேரம் வெயிலில் நிற்கவேண்டும். இந்நிலையில், வெயிலையே விலக்கிய லூபஸ் நோயாளிக்குக் குறைபாடு ஏற்படுவதில் வியப்பில்லை.

மருந்தினால் ஆவது என்ன?

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவேண்டுமானால் வைட்டமின் 'டி' வேண்டும். இது முதற் காரணம். லூபஸ் நோயாளிகளில் பலர் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்ண நேரிடுகிறது. அது எலும்பை மெலியச் செய்யும். முப்பது வயதுப் பெண்ணுக்கு அறுபது வயது எலும்பு வந்துவிடாமல் காக்க, ஸ்டீராய்டு உண்பவர்க்கு உணவும் மருந்துமாகச் சேர்த்து நாள்தோறும் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் 'டி'யும் தேவை என்று அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகம் 2017ஆம் ஆண்டு நெறிமுறையில் கூறியிருக்கிறது. குறைபாடு ஏற்கெனவே இருப்பின் அதை நிரப்ப மேலும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், வைட்டமின் குறைந்தாலும் களைப்பு, தசைத் தளர்ச்சி, எலும்பு நோவு ஆகியவை உண்டாகும். லூபஸ் கிளர்ந்தாலும் இவையே உண்டாகும். எது எதனால் என்று அறியாமல் ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போவது நல்லதன்று. குறைபாட்டை நிரப்பிவிட்டால் எஞ்சிய தொல்லை எதனுடையது என்று டாக்டருக்குத் தெளிவாகும்.

இனி, பெரியவர் கேட்ட கேள்வி: நோயே தீருமா? தீராது. நோயின் கடுமை சற்றுத் தணியுமா என்பதில் ஆராய்ச்சிகள் ஒன்றுபடவில்லை. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எகிப்து நாட்டில் 267 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2,000 யூனிட்டும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். மருந்துண்டவர்க்கு நோயின் கடுமை குறைந்தது. அதே ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி 1,006 நோயாளிகளை 128 வாரம் கவனித்தது. குறைந்திருந்த வைட்டமின் அளவு உயர்ந்தபோது நோயும் சிறுநீரில் புரதக் கழிவும் சிறிதளவு குறைந்தன. ஆனால் இரத்த அளவு 40ஐத் தாண்டியபின் கூடுதல் பயன் இல்லை. 2015ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்கச் சோதனையில் 57 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 4,000 யூனிட் கொடுத்தும், லூபஸில் மிகுந்து காணும் 'இன்டர்ஃபெரான்' கிளர்ச்சி அடங்கவில்லை.

இன்னொரு செய்தியும் அன்பர்கள் காதில் விழுந்திருக்கலாம். அமெரிக்காவில் 25,871 முதியோருக்குச் சுமார் ஐந்தாண்டுகள் நடந்த பெரும் சோதனையில், நாளொன்றுக்கு 2,000 யூனிட் உண்டவரிடையே தன்னுடலைத் தானே தாக்கும் நோய்கள் புதிதாக வருவது 22 விழுக்காடு குறைந்ததென 2022ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மகிழத்தக்க முடிவுதான். ஆனால் அது நோய் வராதவரைப் பற்றியது; வந்தவரைக் குணப்படுத்தியதைப் பற்றியதன்று.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: குறைபாடு இருப்பின் நிரப்புக, அது எலும்புக்கு உறுதி, உடலுக்குத் தெம்பு, நோயின் கடுமைக்கு ஒருவேளை சிறு தணிவும் தரலாம். ஆனால் லூபஸுக்கு அது மருந்தன்று. லூபஸின் அடிப்படை மருந்து 'ஹைட்ராக்சிகுளோரோகுயின்' என்னும் மாத்திரை. மலேரியாவுக்கு எழுந்த மருந்துக் குடும்பத்தில் பிறந்த அதை இன்று தடையேதும் இல்லாத லூபஸ் நோயாளிகள் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனாவுக்கு அது மருந்தாகும் என்று கருதப்பட்டுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நம் நாட்டு லூபஸ் நோயாளிகள் அதற்காகக் கடை கடையாய் அலைந்ததை நினைவில் கொள்க. 'வைட்டமின்தான் சாப்பிடுகிறோமே' என்று அதை நிறுத்திவிடுவது பெரும் தவறு. ஸ்டீராய்டைத் திடீரென்று தாமே நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

அறுபதாயிரத்தின் கணக்கு

நம் நாட்டில் இந்த வைட்டமின் பெரும்பாலும் 60,000 யூனிட் கொண்ட தூள் பொட்டலமாகவோ குளிகையாகவோ கிடைக்கிறது. எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 40 யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். ஆக 60,000 யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராமே. குறைபாடு உள்ளவர்க்கு வழக்கமாக வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுத்து, பின்னர் மாதம் ஒன்றாகக் குறைப்பார்கள். மாதம் ஒன்று என்பது நாளொன்றுக்கு 2,000 யூனிட் ஆகும். நலமுள்ள இந்தியருக்கு நாள்தோறும் 600 யூனிட் போதும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கு. டாக்டர் மேற்பார்வை இன்றி நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு 2010இல் விதித்த எல்லை.

இங்கே ஒரு விபத்து அடிக்கடி நேர்கிறது. 'வாரம் ஒன்று' என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை வீட்டார் சரியாகப் படிக்காமல், மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் மேற்சொன்ன எல்லையைப் போல் பதினைந்து மடங்கு உள்ளே செல்கிறது. இது கொழுப்பில் தங்கும் வைட்டமின். மிஞ்சியது சிறுநீரோடு போய்விடாது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவு மீறி ஏறும். குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும், சிறுநீரகம் கெடும். லூபஸால் ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்தவர்க்கு இது எத்தகைய கேடு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய நூலின் 'பெரும் அளவு' வைத்தியத்தை நாம் மறுப்பது இதனால்தான்.

முழங்கால் வலிக்கென்று ஆறு லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொள்வோரும் உண்டு. அப்படி முன்னரே போட்டுக்கொண்டவர்கள், அதைப் புதிய டாக்டரிடம் மறவாமல் சொல்லவேண்டும். தெற்கே ஊருக்குப் போயிருந்தபோது ஒரு டாக்டர், இங்கே திரும்பியபின் ஒரு டாக்டர் என இரண்டு இடங்களில் காட்டிக்கொள்ளும் நம் போன்ற குடும்பங்களில், ஒரே மருந்து இருமுறை எழுதப்படுவது எளிது. சீட்டுகள் அனைத்தையும் ஒரே உறையில் வைத்து இரயிலிலும் உடன் கொண்டு செல்க. பொட்டலம் உண்ணும் கிழமையை நாள்காட்டியில் குறித்து வைப்பதும் நல்ல பழக்கம்.

மருந்து தொடங்குமுன் ஒருமுறையும், மூன்று மாதத்திற்குப் பின் ஒருமுறையும் இரத்தத்தில் வைட்டமின் அளவைப் பார்ப்பது வழக்கம். சோதனைச் சீட்டில் 20க்குக் கீழ் இருந்தால் குறைவு என்பது பலரும் ஒப்பியது. 30 வரை உயரவேண்டும் என்பாரும் உளர். 150ஐத் தாண்டினால் நஞ்சாகும் நிலை. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு வேறு வகை மருந்து தேவைப்படலாம். அதை டாக்டரே முடிவு செய்யவேண்டும்.

சைவ உணவினர்க்கு ஒரு சொல்

'மாத்திரைக்குப் பதில் உணவால் ஈடு செய்யலாகாதா?' என்று தாய்மார்கள் கேட்பார்கள். வைட்டமின் 'டி' உள்ள உணவுகள் மிகச் சில. மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் மீனெண்ணெயிலும் மிகுதி. முட்டையின் மஞ்சட்கருவில் சிறிது. கீரையிலும் பருப்பிலும் இல்லை. இப்போது வைட்டமின் சேர்த்த பால் கடைகளில் கிடைக்கிறது. அரசின் விதிப்படி அதில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் இருக்கும். இரண்டு தம்ளர் பால் குடித்தால் ஏறத்தாழ 100 யூனிட். நல்லதே; ஆனால் குறைபாட்டை நிரப்பப் போதாது. சுண்ணாம்புச் சத்துக்கு உணவு நன்கு உதவும். பால், தயிர், எள் ஆகியவற்றோடு கேழ்வரகையும் மறவாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி மாவு வரவழைக்கலாம்.

வைட்டமின் 'டி3' பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. குளிகையின் கூடு மட்டும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றால் ஆன ஜெலட்டினாக இருக்கலாம். அது ஒவ்வாதவர் தூள் பொட்டலத்தைக் கேட்டு வாங்கலாம். கொழுப்புள்ள உணவோடு உண்டால் மருந்து நன்கு சேரும்; பகற்சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து குடிப்பது ஏற்றது.

வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள்

லூபஸ் நோயாளி பார்வைக்கு நலமாகவே தோன்றுவார். குடையோடு நடப்பதையும், கோடையில் முழுக்கை இரவிக்கை அணிவதையும், திருமணப் பந்தலில் நிழலான மூலையைத் தேடுவதையும் பார்த்து, 'நாகரிகம்' என்றும் 'சோம்பல்' என்றும் உறவினர் பேசுவதுண்டு. பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, புகுந்த வீட்டையே நம்பியிருக்கும் பெண்ணுக்கு அச்சொல் நோயைவிடக் கடுமையானது. அதைக் கேட்கப் பொறாமல் வெயிலில் இறங்கிவிடுகிறாள். பின் விளைவை அவளே அனுபவிக்கிறாள்.

பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை வெளி வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். துணி உலர்த்துவது, வடகம் வற்றல் காயவைப்பது ஆகியவை ஆண்களுக்கும் கைவரக்கூடிய கலைகளே. வெளியே செல்லும்போது குடை, நெருக்கமாக நெய்த ஆடை, வெயில் தடுப்புக் களிம்பு மூன்றும் வேண்டும். சிம்லா, முசௌரி போன்ற மலைநகர்களுக்குச் செல்வோர் குளிர்கிறதே என்று ஏமாற வேண்டாம்; உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்கள் வலுக்கும்; பனியில் பட்டு எதிரொளித்தும் தாக்கும். நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழாவிலும், பந்தல் இட்ட பகுதியில் சில இருக்கைகளைக் கேள்வி கேட்காமல் ஒதுக்கி வைக்கும்படி செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மற்றவர்களுக்கு எழுதிய மாடி வைத்தியத்தை நாம் திரும்பப் பெறவில்லை. நோயில்லாத முதியோரும் குழந்தைகளும் குளிர்கால வெயிலில் உட்காரட்டும். வெயில் ஒவ்வாதவர்க்கு அந்த வெயில் செய்யும் பணியில் ஒரு பங்கை, டாக்டர் அளந்து கொடுக்கும் பொட்டலம் செய்யும்; அவர்களை மாடிக்கு அழைக்கவேண்டியதில்லை.

பெரியவர்க்கு ஒரு வார்த்தை. தங்கள் மருமகள் தங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது தாங்களும் உடன் சென்று, நடந்ததை டாக்டரிடம் தாங்களே சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேர வெயிலில் நோய் கிளர்ந்தது என்பது அவருக்குத் தெரிந்திருப்பது நலம். அந்தப் பழைய நூலைத் தந்தையார் நினைவாகப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் வைத்தியத்திற்காகத் திறக்க வேண்டாம். நம்முடைய கார்த்திகை இதழையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடலாம். வரும் தைப் பொங்கலன்று, சூரியன் தெரியும்படியாக வீட்டினுள் நிழலான இடத்தில் கோலமிட்டுப் படையுங்கள். எல்லோரும் சேர்ந்து ஓரிடத்தில் நின்று கும்பிடலாம்.

அடுத்த இதழில், கோடைக்காலக் குடிநீரைப் பற்றி எழுதக் கருதியிருக்கிறோம். அதிலும் விட்டுப்போகும் செய்திகள் இருக்கக்கூடும். இப்பெரியவரைப் போலவே அன்பர்கள் எழுதித் திருத்த வேண்டுகிறோம்.